எலும்பு கூடிவிட்டது... வலி ஏன் போகவில்லை?

சின்னக் காயத்தில் தொடங்கி ஆளையே முடக்கும் சி.ஆர்.பி.எஸ். நோய்க்கு என்னென்ன சிகிச்சைகள் உண்டு? எதை எப்போது நம்பலாம்?

மணிக்கட்டு முறிவு புதிய செய்தி அல்ல. குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருப்பார்கள். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, ஐந்தாறு வாரம் பொறுமை. கட்டைப் பிரித்ததும் கை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பயிற்சி செய்யச் செய்ய சரியாகிவிடும். பெரும்பாலோருக்கு விஷயம் இத்தோடு முடிந்துவிடும்.

சிலருக்கு மட்டும் கட்டைப் பிரித்த பிறகுதான் தொல்லையே ஆரம்பிக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும். ஆனால் புறங்கை வீங்கிப் பளபளக்கும். காலையில் சிவந்து கொதிக்கும் கை, மாலையில் நீலம் பாரித்துச் சில்லிட்டுக் கிடக்கும். மின்விசிறிக் காற்று பட்டாலே எரியும். முந்தானை உரசினால் உயிர் போகும். விரல்களை மடக்க முடியாது. ஒரு கையில் மட்டும் வேர்த்துக் கொட்டும். அந்தக் கை நகமும் முடியும் மட்டும் வேகமாக வளரும். "கட்டு போட்டிருந்தப்பவே தேவலையா இருந்துச்சு டாக்டர்" என்பார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் புரியாது. "எல்லாருக்கும்தான் கை உடையுது, உனக்கு மட்டும் என்னம்மா?" என்று தொடங்கும் பேச்சு, சில வாரங்களில் "வேலைக்குப் பயந்துகிட்டு நடிக்கிறாங்க" என்பதில் போய் நிற்கும். அது நடிப்பல்ல, பெயரும் இலக்கணமும் உள்ள நோய். காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம் என்பது முழுப் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ். என்பார்கள். கை அல்லது கால் ஒன்றில், அடிபட்ட அளவுக்குச் சற்றும் பொருந்தாத கடும் வலி நிலைத்துவிடுவதே இதன் அடையாளம்.

நெதர்லாந்தில் 2007இல் வெளியான பெரிய ஆய்வு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 26 பேருக்கு இது புதிதாக வருவதாகக் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று மடங்குக்கும் அதிகம். காலைவிடக் கையில் அதிகம். எலும்பு முறிவுதான் முதல் காரணம். சுளுக்கு, அறுவை சிகிச்சை, பக்கவாதம் ஆகியவற்றுக்குப் பிறகும் வரலாம். சிறுவயதினரில் பதின்பருவத்தை எட்டும் பெண் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் காலில் வருகிறது.

இந்த நோய்க்குச் சிகிச்சை என்று இணையத்தில் தேடினால் மாத்திரையில் ஆரம்பித்து முதுகுத்தண்டுக்குள் பொருத்தும் கருவி வரை ஒரு பெரிய பட்டியல் விரியும். அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரே ஓர் அளவுகோல் போதும்: இந்தச் சிகிச்சை என் கையை மறுபடி அசைக்கவும் பயன்படுத்தவும் உதவுமா? உதவும் என்றால் கைக்கொள்ளலாம். வலியை மட்டும் சில வாரம் அமுக்கிவிட்டு, கையை அப்படியே கிடக்க விடுமானால் அது பாதி வைத்தியம்தான்.

போர்க்களத்தில் கண்ட நோய்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில், நரம்பில் குண்டடி பட்ட சிப்பாய்களுக்கென்றே வார்டுகள் இருந்தன. அங்கே பணியாற்றிய சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர், புண் ஆறிய பிறகும் கை எரிகிறது, கால் எரிகிறது என்று துடித்தவர்களைக் கவனித்தார். அவர்கள் ஈரத் துணியும் தண்ணீர் பாட்டிலுமாகவே திரிந்தார்கள். நடக்கும்போது உரசல் குறையட்டும் என்று பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்களும் உண்டு. பக்கத்தில் செய்தித்தாள் சலசலத்தாலும், வார்டில் யாராவது நடந்துபோனாலும் வலி கூடியது. மிட்செல் தம் சகாக்களோடு சேர்ந்து 1864இலும், பிறகு தனியாக 1872இலும் இதைப் புத்தகமாக எழுதினார்.

1900இல் ஹாம்பர்க்கின் அறுவை மருத்துவர் பால் சூடெக், இத்தகைய கைகளில் எலும்பு மெலிந்துபோவதை எக்ஸ்ரேயில் காட்டினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சின் ரெனே லெரிஷ், ரத்தக் குழாயைச் சுற்றியுள்ள தானியங்கு நரம்புகளை அறுவை செய்து நீக்கிப் பார்த்தார். கோளாறு அந்த நரம்புகளில்தான் என்ற எண்ணம் வேரூன்றி, பல பத்தாண்டுகளுக்கு நரம்பை மரத்துப்போகச் செய்வதும் வெட்டுவதுமே முதன்மைச் சிகிச்சையாக இருந்தது. 1994இல்தான் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் இப்போதைய பெயரைச் சூட்டியது. பெரிய நரம்புக் காயம் எதுவும் தெரியாவிட்டால் முதல் வகை, தெரிந்தால் இரண்டாம் வகை என்று பிரித்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் முதல் வகைதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

காயம் பட்டால் வலிப்பதும் வீங்குவதும் உடம்பின் தற்காப்பு. காயம் ஆறினால் அவையும் அடங்க வேண்டும். சி.ஆர்.பி.எஸ்.ஸில் அவை அடங்குவதில்லை. திருடன் ஓடிப்போன பிறகும் விடிய விடியக் குரைக்கும் நாயைப் போல, ஆபத்து நீங்கிய பிறகும் நரம்பு மண்டலம் ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது.

இது ஒரே இடத்துக் கோளாறு அல்ல. தோலில் உள்ள மெல்லிய நரம்பு முனைகள் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைக் கசியவிடுகின்றன; அதனால் வீக்கமும் சூடும் வருகின்றன. ரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிக்கும் தானியங்கு நரம்புகள் தடுமாறுகின்றன. அதனால் கை நிறமும் வெப்பமும் மாறுகிறது. தண்டுவடம் சாதாரணத் தொடுதலையும் வலியாக மேலே அனுப்புகிறது. மூளையில் அந்தக் கைக்கென உள்ள பகுதியின் வரைபடமே சுருங்கிப்போவதை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. 'இது என் கை மாதிரியே இல்லை' என்று நோயாளிகள் சொல்வது கற்பனை அல்ல. சிகிச்சையில் வலி குறையும்போது அந்த வரைபடமும் பழைய அளவுக்குத் திரும்புகிறது.

அசையாமல் வைத்திருப்பதே கெடுதல் செய்யுமா என்ற கேள்விக்கு டென்மார்க்கில் ஒரு சோதனை நடந்தது. எந்தக் காயமும் இல்லாத, நல்ல உடல்நலமுள்ள 30 பேரின் முன்கைக்கு 4 வாரம் கட்டுப் போட்டார்கள். பிரித்துப் பார்த்தபோது, அவர்களில் பலருக்குக் கையை அசைத்தால் வலித்தது. குளிரும் அழுத்தமும் வழக்கத்துக்கு மேல் உறைத்தன. 2008இல் வெளியான இந்த முடிவு, சிகிச்சை முழுவதற்கும் அடிப்படையான ஒரு பாடம். முடங்கிய கை வலிக்கும், வலிக்கிற கையை இன்னும் முடக்குவோம். இந்தச் சுழலை உடைப்பதுதான் வைத்தியம்.

கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கென்று ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. எலும்பு ஸ்கேன் சில சமயம் துணைக்கு வரும். அது சரியாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று ஆகாது. 2003இல் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோலைத்தான் உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். இதற்கு வேண்டியதெல்லாம் கண்ணும் கையும், நிதானமாகக் கேட்கும் காதும்தான்.

காயத்துக்குப் பொருந்தாத, தொடர்ந்த வலி இருக்க வேண்டும். பிறகு நான்கு பிரிவுகள்: தொட்டால் அளவுக்கு மீறி வலிப்பது, நிறமோ வெப்பமோ மாறுவது, வீக்கம் அல்லது வியர்வை, அசைவு குறைவதும் தோல், முடி, நகம் மாறுவதும். நோயாளி சொல்லும் தொந்தரவுகள் இவற்றில் மூன்று பிரிவுகளிலாவது இருக்க வேண்டும். மருத்துவர் நேரில் காணும் அறிகுறிகள் இரண்டு பிரிவுகளிலாவது இருக்க வேண்டும். கடைசியாக, இவற்றுக்கு வேறு எந்த நோயும் பொருத்தமான காரணமாக இருக்கக்கூடாது. கிருமித் தொற்று, ரத்தக் குழாய் அடைப்பு, சரியாகக் கூடாத எலும்பு, நரம்பு நசுங்கல் ஆகியவற்றைப் பார்த்து விலக்கிய பிறகே இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி, வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்து, புறங்கையால் தொட்டுச் சூட்டை ஒப்பிட்டு, பஞ்சால் மெல்ல வருடிப் பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். இதற்குச் சில நிமிடம் போதும். நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் அந்தச் சில நிமிடம் கிடைக்காமல்தான் பலரும் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

முதல் மருந்து: அசைவு

இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2018இல் புதுப்பித்த வழிகாட்டி, சிகிச்சைக்கு நான்கு தூண்களைச் சொல்கிறது: நோயைப் பற்றி நோயாளிக்குப் புரியவைப்பது, வலியைக் குறைப்பது, உடற்பயிற்சியும் அன்றாட வேலைக்குத் திரும்ப உதவுவதும், மனநல ஆதரவு. நான்கும் ஒன்றாக நடக்க வேண்டும். இவற்றில் நடுத்தூண் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை சிகிச்சைதான்.

பயிற்சி என்றதும் கையைப் பிடித்து முறுக்குவார்களோ என்று பயப்பட வேண்டாம். முறுக்கக் கூடாது. வலிக்க வலிக்க இன்னொருவர் மடக்கிவிடுவது நோயைக் கிளறிவிடும். நோயாளி தானாகவே, தாங்கும் அளவுக்கு, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி அசைக்க வேண்டும். உற்சாகத்தில் ஒரே நாளில் எல்லாம் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவதைவிட, தினமும் கொஞ்சம் செய்வது மேல்.

முதல் வேலை, தொடுதலுக்குக் கையைப் பழக்குவது. பஞ்சில் தொடங்குங்கள். ஓரிரு நிமிடம் மெல்ல வருடுங்கள். அது பழகியதும் பட்டுத் துணி, பிறகு பருத்தி, பிறகு சொரசொரப்பான துண்டு. ஒரு பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி அதற்குள் விரல்களை விட்டு அளையலாம். பார்த்துக்கொண்டே, 'இது பஞ்சு, இது துண்டு' என்று மனதில் சொல்லிக்கொண்டே செய்வது முக்கியம். இது பட்டால் ஆபத்தில்லை என்பதை மூளை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, பாரம் ஏற்றுவது. வாட்சன், கார்ல்சன் என்ற அமெரிக்கக் கைச் சிகிச்சை நிபுணர்கள் 1987இல் எழுதிய முறை மிகவும் எளிமையானது. அதில் இரண்டே வேலைகள்: தேய்ப்பது, சுமப்பது. தரையில் முழங்காலிட்டு, பாதிக்கப்பட்ட கையில் பிரஷ்ஷைப் பிடித்து, உடல் பாரத்தை அதன்மேல் மெல்லச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். சில நிமிடங்கள், ஒரு நாளைக்குச் சில தடவை. மற்ற நேரத்தில் நிற்கும்போதும் நடக்கும்போதும் அதே கையில் ஒரு சிறு பையைச் சுமக்க வேண்டும். எடையைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். வீடு துடைப்பதும் காய்கறிப் பை தூக்குவதும் வைத்தியமாக இருக்க முடியும் என்பதை நம்மவர்கள் நம்பத் தயங்குவார்கள். ஊசி போட்டால்தான் சிகிச்சை என்று நினைப்பவர்களுக்கு இது சிகிச்சையாகவே தெரியாது.

காலில் வந்தால் பாதத்தைத் தரையில் ஊன்றிப் பழகுவதும், நீரில் நடப்பதும் முதல் படிகள். சிறுவர்களில் பெரும்பாலோர் பயிற்சியாலேயே நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

கண்ணாடிக்குள் ஓர் ஆரோக்கியமான கை

கையைத் தொடவே விடாத நோயாளியிடம் பயிற்சியை எப்படித் தொடங்குவது? அங்கேதான் கண்ணாடி வருகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் இதை உருவாக்கினார். கையை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் ஏற்படும் வலியைப் போக்குவதற்காகச் செய்தது அது. நடுவில் கண்ணாடி நிற்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

சி.ஆர்.பி.எஸ்.ஸில் அதைப் பயன்படுத்துவது இப்படி: வலிக்கும் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வைக்க வேண்டும். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து அதன் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். பார்ப்பவருக்கு அது வலிக்கும் கை மாதிரியே தெரியும். நல்ல கையை மடக்கி விரித்தால், வலிக்கும் கை வலியில்லாமல் மடங்கி விரிவதை மூளை காண்கிறது. மோதிரம், வாட்ச், வளையலைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூளை ஏமாறாது.

இங்கிலாந்தில் கேண்டி மெக்கேப் குழுவினர் 2003இல் 8 பேரிடம் இதைச் சோதித்தார்கள். நோய் வந்து 8 வாரத்துக்குள் இருந்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆனவர்களுக்குப் பலன் இல்லை. மிகச் சிறிய ஆய்வுதான். ஆனாலும் காலம் கடத்தக்கூடாது என்பதை அது சொல்லிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி 2004இல் இதை மூன்று படிகளாக விரித்தார். முதலில், படங்களைப் பார்த்து இது இடது கையா, வலது கையா என்று சொல்வது. அடுத்து, கையை அசைக்காமல் அசைப்பதாகக் கற்பனை செய்வது. கடைசியில் கண்ணாடி. ஒவ்வொரு படிக்கும் இரண்டு வாரம். அவருடைய ஆய்வில் நல்ல பலன் கிடைத்தது. பின்னர் இங்கிலாந்தின் இரண்டு சிகிச்சை மையங்களில் செய்து பார்த்தபோது வலி அந்த அளவுக்குக் குறையவில்லை. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாவிட்டாலும், செலவும் பக்கவிளைவும் மிகக் குறைவு என்பதால் முயன்று பார்க்கத் தக்க சிகிச்சை இது.

மாத்திரைகள் எந்த அளவுக்கு?

நோயின் தொடக்கத்தில், கை சூடாகச் சிவந்து வீங்கியிருக்கும் கட்டத்தில், ஸ்டீராய்டு மாத்திரையைக் குறுகிய காலம் கொடுப்பது பலருக்கு உதவுகிறது. நம் நாட்டிலேயே, லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தில், பக்கவாதத்துக்குப் பிறகு இந்நோய் வந்த 60 பேரிடம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டையும் பைராக்சிகாம் என்ற வலி மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வில் ஸ்டீராய்டு தெளிவாக முந்தியது. சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில்தான் இதை எடுக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கித் தொடரும் மாத்திரை அல்ல இது.

எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகளும் ஆரம்பக் கட்டத்தில் பயன்படுகின்றன. இத்தாலியில் 82 பேரிடம் நெரிட்ரோனேட் என்ற மருந்தை நரம்பு வழியாக 10 நாளில் நான்கு முறை செலுத்திய ஆய்வு 2013இல் வெளியானது. வலி கணிசமாகக் குறைந்தது. அந்நாட்டில் இந்நோய்க்கென்றே அம்மருந்து அனுமதியும் பெற்றது. பின்னர் நடந்த பெரிய பன்னாட்டு ஆய்வு எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. இந்த வகை மருந்து எடுப்பதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. அரிதாகத் தாடை எலும்பு பாதிக்கப்படலாம்.

நரம்பு வலிக்குப் பொதுவாக எழுதித் தரும் கபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் ஆகியவை எரிச்சலைக் குறைத்து இரவுத் தூக்கத்துக்கு உதவலாம். இந்நோயை அவை குணப்படுத்துவதாகச் சான்று இல்லை. தூங்கி எழுந்தவர் பயிற்சி செய்வார் என்பதே அவற்றின் பெரிய லாபம். மார்ஃபின் வகை மருந்துகளை நீண்ட நாள் எடுப்பதால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம்.

ஊசியும் கருவியும்

கழுத்தில் உள்ள ஸ்டெலேட் நரம்பு முடிச்சில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால் கைக்குச் செல்லும் தானியங்கு நரம்புகள் சில மணி நேரம் அடங்கும். காலுக்கு என்றால் இடுப்புப் பகுதியில் போடுவார்கள். அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே பார்த்தபடி, பெரும்பாலும் மயக்கவியல் துறையின் வலி நிபுணர்கள் செய்வது இது. ஊசி சரியான இடத்தில் விழுந்தால் கை சூடாகும், அந்தப் பக்க இமை தற்காலிகமாகத் தொங்கும், குரல் கரகரக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. சிலருக்கு ஊசிக்குப் பிறகு வலி நன்றாகத் தணிகிறது. ஆனால் நீடித்த பலன் தருமா என்பதற்கு ஆய்வுச் சான்று பலவீனமாகவே இருக்கிறது. ஆகவே, ஊசி போட்ட அன்றே, வலி தணிந்திருக்கும் நேரத்திலேயே, பயிற்சி நடக்க வேண்டும். ஊசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் அந்த நல்ல நேரம் வீணாகிவிடும். தானியங்கு நரம்பையே நிரந்தரமாக வெட்டும் அறுவை சிகிச்சை ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது. வெட்டிய இடத்திலிருந்து புது வலி கிளம்பிய அனுபவங்கள் உண்டு.

மற்ற எதற்கும் மசியாத வலிக்கு, தண்டுவடத்தின் அருகே மெல்லிய மின்கம்பிகளைச் செருகி, பேட்டரிக் கருவியைத் தோலுக்கடியில் பொருத்தும் சிகிச்சை இருக்கிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 54 பேரிடம் நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. கருவி பொருத்தியவர்களுக்கு வலி குறைந்தது. கையின் செயல்திறன் கூடவில்லை. ஐந்தாண்டுக்குப் பிறகு, பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் இவர்களுக்கும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. கருவிகள் அதன்பின் முன்னேறியிருக்கின்றன. நரம்பு வேரின் முடிச்சையே தூண்டும் புதிய வகையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் அனுமதித்தது. காலில் இந்நோய் உள்ளவர்கள் உட்பட 152 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்று மாதத்தில் புதிய வகையில் 81 சதவிகிதத்தினரும் பழைய வகையில் 56 சதவிகிதத்தினரும் குறித்த அளவு நிவாரணம் பெற்றார்கள்.

பல லட்சம் ரூபாய் செலவாகும் சிகிச்சை இது. நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் சில நாள் வெளிக்கருவியோடு ஒத்திகை பார்ப்பார்கள். ஒத்திகையில் வலி பாதியாவது குறையாவிட்டால் மேலே போகக்கூடாது. கம்பி நகர்வது, கிருமித் தொற்று, பேட்டரி மாற்றம் என்று மறு அறுவைகளும் வரலாம்.

கடைசிக் கதவுகள்

மயக்க மருந்தான கெட்டமினைக் குறைந்த அளவில் பல நாள் நரம்பு வழியாகச் செலுத்தும் முறையும் உண்டு. நெதர்லாந்தின் லெய்டனில் 60 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், வலி வாரக்கணக்கில் குறைந்தது. 12ஆவது வாரத்தில் வித்தியாசம் மறைந்துவிட்டது. இங்கேயும் கை வேலை செய்யும் திறன் கூடவில்லை. மனக்குழப்பம், குமட்டல், கல்லீரல் பாதிப்பு வரலாம் என்பதால் மருத்துவமனையில், கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டும்.

நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பதால் இம்யூனோகுளோபுலின் என்ற விலையுயர்ந்த மருந்தையும் சோதித்தார்கள். முதலில் நம்பிக்கை அளித்த இம்மருந்து, இங்கிலாந்தில் 111 பேரிடம் நடந்து 2017இல் வெளியான பெரிய ஆய்வில் குறைந்த அளவில் கொடுத்தபோது வெறும் போலி மருந்தைவிட மேலாக இல்லை.

வலி தாங்காமல் "இந்தக் கையையே எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கையை எடுத்தாலும் வலி போகும் என்ற உறுதி கிடையாது. எஞ்சிய பகுதியில் நோய் திரும்ப வரலாம், இல்லாத கையிலும் வலிக்கலாம். ஆறாத புண், அடங்காத கிருமித் தொற்று போன்ற நெருக்கடிகளைத் தவிர, மருத்துவர்கள் இதற்கு இணங்குவதில்லை.

மனசும் வீடும்

இது மனநோய் அல்ல. ஆனால் மாதக்கணக்கில் வலித்தால் மனசு உடையாமல் இருக்காது. அசைத்தால் இன்னும் கெட்டுவிடுமோ என்ற பயம்தான் குணமாவதற்குப் பெரிய தடை. மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் 'என்னைப் பைத்தியம் என்கிறார்கள்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பயத்தைக் குறைப்பதும் தூக்கத்தைச் சீராக்குவதும் வலி சிகிச்சையின் பாகம்.

வீட்டாருக்கும் இரண்டு வேலை உண்டு. நம்புவது ஒன்று. எல்லா வேலையையும் தாங்களே செய்து அந்தக் கையை முடக்காமல் இருப்பது இன்னொன்று. தட்டைப் பிடிக்கட்டும், துணி மடிக்கட்டும், பூ தொடுக்கட்டும். மெதுவாகச் செய்தாலும் அவரே செய்யட்டும்.

பிசியோதெரபிக்குத் தினமும் நகரத்துக்குப் போய்வர முடியாது என்பது கிராமத்து யதார்த்தம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் அடக்கம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மயக்கவியல் துறையிடம் வலி சிகிச்சைப் பிரிவு பற்றி விசாரிக்கலாம்.

வராமல் தடுக்க முடியுமா?

மணிக்கட்டு முறிந்தவர்களுக்குத் தினமும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையை 50 நாள் கொடுத்தால் இந்நோய் குறைகிறது என்று நெதர்லாந்து ஆய்வுகள் 1999இலும் 2007இலும் சொல்லின. 2014இல் எடின்பரோவில் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. விலை குறைவு, பெரிய ஆபத்தும் இல்லை என்பதால் சில மருத்துவர்கள் எழுதுகிறார்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

இதைவிட முக்கியம், கட்டுக்குள் இருக்கும் நாள்களில் கட்டுக்கு வெளியே இருக்கும் மூட்டுகளைச் சும்மா விடாமல் இருப்பது. விரல்களையும் முழங்கையையும் தோள்பட்டையையும் தினமும் பலமுறை அசைக்க வேண்டும். கட்டு இறுக்கமாக இருந்தாலோ, விரல் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, வலி மணிக்கு மணி கூடினாலோ அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள். அது வேறு அவசரம். காத்திருந்தால் கையே போய்விடும். நாட்டுக் கட்டு போடுபவரிடம் போனவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

* இது சி.ஆர்.பி.எஸ். ஆக இருக்குமா? வேறு காரணங்களைப் பார்த்து விலக்கிவிட்டீர்களா?
* கையை எந்த அளவுக்கு அசைக்கலாம்? எதைச் செய்யக்கூடாது?
* பயிற்சியை யார் சொல்லித் தருவார்? எப்போது தொடங்கலாம்?
* இந்த மருந்து எத்தனை வாரத்துக்கு? எதை வைத்துப் பலன் இருக்கிறது என்று முடிவு செய்வீர்கள்?
* ஊசி அல்லது கருவி என்றால், அதன் பிறகு பயிற்சிக்கு என்ன ஏற்பாடு?

நோயாளிகள் தாமாகச் செய்யக்கூடாதவையும் உண்டு. ஐஸ் கட்டியைக் கையில் வைத்துக் கட்டாதீர்கள். கொதிக்கும் ஒத்தடமும் வேண்டாம். வெப்பத்தைச் சரியாக உணராத கை சுலபமாகப் புண்ணாகும். கழுத்தில் ஸ்லிங் மாட்டிக்கொண்டே நாளைக் கழிக்காதீர்கள். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துவிடச் சொல்லாதீர்கள்.

பெரும்பாலோருக்கு முதல் ஓராண்டிலேயே நோய் வெகுவாகத் தணிகிறது. சிலருக்கு மட்டுமே ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. ஆகவே, கட்டுப் பிரித்து இரண்டு வாரமாகியும் கை வீக்கம் வடியாமல், வலி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போனால் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் நோயின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். விலையுயர்ந்த கருவியும் ஊசியும் சிலருக்குத் தேவைப்படலாம். ஆனால் எல்லோருக்கும் தேவையான சிகிச்சை, சீக்கிரம் கண்டுபிடிப்பதும் பயப்படாமல் கையை அசைப்பதும்தான். அதற்குப் பெரிய செலவில்லை, தாமதம் மட்டும் கூடாது.